ஆறு எண்ணிக்கை

அறுபத்தொன்பது வயதில் ஒரு மனிதர் மியூசிக் கிளாஸுக்குப் போகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் சிரிப்பார்களா, மாட்டார்களா? சிரித்தார்கள். அதிலும் அந்த மனிதர் நூற்றுப் பதினாறு படங்களுக்கு இசையமைத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

"யாரு, மியூசிக் டைரக்டர் பூவராகனா? அவருக்கு எதுக்குங்க கிளாஸு?" என்று தெருவில் இருந்த பார்மஸிக்காரர்கூடக் கேட்டார்.

எதுக்கு என்றால், பூவராகனுக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஐந்து கோடு போட்டு, மேலும் கீழுமாகப் புள்ளி வைத்து எழுதுகிறார்களே, அது அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆர்மோனியத்தில் கை வைத்தால் மெட்டு வரும். வாயால் முணுமுணுப்பார். பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கேசட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், வயலினுக்கு இது, புல்லாங்குழலுக்கு இது, தரையில் நிறுத்தி வாசிக்கிற செல்லோவுக்கு இது என்று பிரித்துப் பிரித்து எழுதி, மறுநாள் நாற்பது பேருக்கு முன்னால் நின்று கையசைத்து வாசிக்க வைப்பவர் இன்னொருவர். அவர் பேர் கிறிஸ்துதாஸ்.

இருபத்தாறு வருஷம் இப்படித்தான் ஓடியது. திரையில் 'இசை' என்று ஒரே ஒரு பேர்தான் வந்தது. யார் பேர் என்று உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் கிறிஸ்துதாஸ் இறந்துபோனார். பூவராகன் அன்றைக்குக் கோயம்புத்தூரில் ஒரு பாராட்டு விழாவில் இருந்தார். மறுநாள் பெரிய மாலையோடு பெரம்பூருக்குப் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அந்தப் பத்து நிமிஷம் அவரை ஒரு வருஷமாக அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் 'ஆற்றோரம் ஒரு முகவரி' வந்து கதவைத் தட்டியது. முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தின படம். அதைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறார்களாம். படம் பிழைத்துவிட்டது, ஒரே ஒரு இடத்தில் ஒலி மட்டும் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டது. அந்த நாலு நிமிஷத்தை மறுபடி வாசித்து ரெக்கார்ட் செய்ய வேண்டும் என்றார்கள்.

கெட்டுப்போக வேறு இடம் கிடைக்கவில்லை பாருங்கள். படத்திலேயே பேர் வாங்கிய இடம் அது. ஒரு தபால்காரர், வருஷக் கணக்காகக் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு கடிதத்தோடு ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்பார். வசனமே கிடையாது. வயலின்கள் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். அவர் கதவைத் தட்டக் கையை ஓங்குவார். அந்த இடத்தில் நாற்பத்திரண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். ஆறு எண்ணிக்கைக்கு ஒரு சத்தமும் இருக்காது. தியேட்டரில் ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஒரே ஒரு செல்லோ மெதுவாக ஆரம்பிக்கும்.

அந்த ஆறு எண்ணிக்கையைப் பற்றிப் பூவராகனிடம் கேட்காத பத்திரிகை இல்லை.

"எப்படி சார் அந்த இடத்துல அப்படியே நிறுத்தணும்னு தோணிச்சு?"

"கதவு திறக்கலைன்னா, இசையும் வெளியிலதானேப்பா நிக்கணும்?" என்பார் பூவராகன். கைதட்டுவார்கள்.

அது அவருக்குத் தோன்றியதே இல்லை. ரெக்கார்டிங் அன்றைக்குக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துதான் அந்த மௌனத்தை அவரே முதல் தடவை கேட்டார். 'அடேயப்பா, தாஸு என்னமா யோசிச்சிருக்கான்!' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. முதல் பேட்டியில் சொல்லாமல் விட்டார். இரண்டாவதில் சொன்னால் முதல் பேட்டி பொய்யாகிவிடுமே. அப்படியே முப்பத்தோரு வருஷம் போய்விட்டது.

---

கிறிஸ்துதாஸ் எழுதிய ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியத்துக்குமான நோட்டேஷன் கட்டு, அவருடைய மகள் ஆக்னஸிடம் இருந்தது. பெரம்பூரில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறவள். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவளும் அவள்தான். வயது முப்பத்தெட்டு. அவளைக் குழந்தையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆர்மோனியம் வாசித்திருக்கிறார் பூவராகன்.

ஒரு பை ஆப்பிளோடு போய் உட்கார்ந்தார்.

"ரெக்கார்டிங்கை நீயே முன்னால நின்னு நடத்திக் கொடுக்கணும், ஆக்னஸ்."

"சரி அங்கிள்."

"இன்னொண்ணு. டைட்டில் கார்டையும் புதுசாப் போடறாங்களாம். என்ன பேர் போடணும்னு ரெக்கார்டிங் அன்னிக்கு நான் எழுதிக் கொடுக்கணும்."

ஆக்னஸ் ஆப்பிள் பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அதான் கேக்க வந்தேன். அந்த நாலு நிமிஷத்துல என்னுது எது? தாஸோடது எது? எனக்கு அது தெரிஞ்சாகணும்மா."

"தெரிஞ்சு?"

"அவன் பேரை நியாயமா போடணும். தூங்க முடியலை எனக்கு."

ஆக்னஸ் உள்ளே போய் ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்தாள். பதினெட்டுப் பக்கம். மேஜை மேல் வைத்தாள்.

"இதைப் படிச்சா தெரிஞ்சிடும்."

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. நீ படிச்சுச் சொல்லேன்."

"கேள்வி உங்களோடதா, என்னோடதா?"

"என்னோடதுதான்."

"அப்போ நீங்களே படிங்க. செவ்வாயும் வெள்ளியும் காலையில பத்து மணிக்கு வாங்க. மூணு மாசம் இருக்கு, போதும்."

பூவராகன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஃபைலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வந்த காரியம் இப்படிப் போகும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

"இந்த வயசுல என்னைப் பெஞ்சு மேல ஏத்தப் போறியா?"

"வீட்டுப்பாடம் எழுதலைன்னா ஏத்துவேன்," என்றாள்.

---

முதல் நாள் ஸரிகம இருக்கும் என்று நினைத்துப் போனார். ஆக்னஸ் ஐந்து கோடு போட்டாள். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. நாலாவது கோட்டிலிருந்து தொங்குகிற மாதிரி ஒரு சின்னக் கறுப்புக் கட்டை வரைந்தாள். பக்கத்தில், நடுக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இன்னொரு கட்டை.

"தொங்கினா நாலு எண்ணிக்கை சும்மா இருக்கணும். உக்காந்திருந்தா ரெண்டு எண்ணிக்கை சும்மா இருக்கணும்."

"வாசிக்கிறதைச் சொல்லிக் கொடும்மா."

"அப்புறம்."

"சும்மா இருக்கிறதையா முதல்ல படிக்கிறது?"

"அப்பா எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு."

"தாளம் எனக்குத் தெரியாதா ஆக்னஸ்? அஞ்சு வயசுல இருந்து தொடையில தட்டிட்டு வர்றேன்."

"தட்டத் தெரியும் அங்கிள். காத்திருக்கத் தெரியுமான்னு பார்ப்போம்."

இதென்ன பெரிய வித்தையா என்று நினைத்தார் பூவராகன். சனிக்கிழமை மத்தியானம் சர்ச் ஹாலில், ஆக்னஸின் பாடகர் குழு ஒத்திகையில் அவருக்குத் தெரிந்துபோனது.

குழுவில் இருபது பேர் பாடுகிறார்கள், பத்துப் பேர் வாசிக்கிறார்கள். அவர் கையில் முக்கோணமாக வளைத்த ஒரு கம்பியையும் அதைத் தட்ட ஒரு குச்சியையும் கொடுத்து, கடைசி வரிசையில் உட்கார வைத்தாள் ஆக்னஸ். நாலு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார். நாற்பத்தெட்டு பார் அவர் சும்மா இருக்க வேண்டும். நாற்பத்தொன்பதாவது வரும்போது ஒரே ஒரு தட்டு தட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

நாற்பத்தொன்றிலேயே தட்டிவிட்டார்.

ஹாலே திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நூற்றுப் பதினாறு படம் செய்த மனிதருக்குக் காது சிவந்துவிட்டது.

இரண்டாம் தடவை, பாட்டு நன்றாயிருக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டவே மறந்தார். அடுத்த சனிக்கிழமையும் சொதப்பினார். பக்கத்தில் கிளாரினெட் வாசிக்கிறவர் தன் சும்மா இருக்கும் நேரத்தை முழங்காலில் விரலை மடக்கி மடக்கி எண்ணுவதைப் பார்த்தார். ஒருவர் விடாமல் எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். உதடு அசையாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல், தங்கள் முறை வருகிற வரைக்கும். இத்தனை வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தவர் இதை ஒருநாளும் கவனித்ததில்லை.

நாலாவது சனிக்கிழமை சரியாகத் தட்டினார். ணிங் என்று ஒரு சத்தம். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு எந்த வெள்ளிவிழாவிலும் வந்ததில்லை.

"சரியா டீச்சர்?" என்று கேட்டார். கேலியாக ஆரம்பித்த வார்த்தைதான். அன்றைக்கு மரியாதையாகவே வந்துவிட்டது.

"சரி. இனிமே புள்ளி வைக்கலாம்."

---

மூன்றாம் மாதம் அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஆக்னஸ் ஃபைலை அவர் முன்னால் வைத்தாள்.

"அப்பா ரெண்டு பென்சில் வச்சிருப்பாரு. நீங்க பாடினது சிவப்புல. அவரு யோசிச்சது கறுப்புல. எந்தப் படத்துக்கும் மாத்தினதே இல்லை."

"எதுக்கு அப்படி?"

"நீங்க பாடினதுல கை வச்சிடக் கூடாதுன்னு. அந்த விஷயத்துல அவருக்குப் பயம் அதிகம்."

பூவராகன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். புல்லாங்குழல் வரியில் எட்டு பார் சிவப்பு. ஆமாம், இது அவருடைய மெட்டுதான். விரல் வைத்துப் படித்துப் பார்த்தார், அவர் பாடினபடியே ஒரு வளைவு நெளிவு விடாமல் இருந்தது. அந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் கறுப்பு.

இரண்டாம் பக்கம் முழுக்கக் கறுப்பு. மூன்றாவதும் அப்படித்தான். வயலின்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிற இடம், கேட்டவர்கள் எல்லாம் சிலிர்த்ததாகச் சொன்ன இடம், மொத்தமும் கறுப்பு. ஏழு, எட்டு, ஒன்பது. சிவப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அவர் கை வேகமாகப் புரட்ட ஆரம்பித்தது.

"என்னம்மா இது," என்றார். குரல் இறங்கிவிட்டது. "எல்லாம் அவன்தானா?"

"இன்னும் இருக்கு அங்கிள். திருப்புங்க."

பதினோராம் பக்கத்தில் சிவப்பு இருந்தது.

எல்லா வாத்தியத்துக்கும், மேலிருந்து கீழ் வரை, ஒவ்வொரு வரியிலும், தொங்குகிற கட்டை ஒன்று, உட்கார்ந்திருக்கிற கட்டை ஒன்று. நாலும் ரெண்டும் ஆறு. அந்தப் பேர் பெற்ற ஆறு எண்ணிக்கை. அத்தனையும் அழுத்தமான சிவப்பு. அதை அடுத்து செல்லோ ஆரம்பிக்கிற நாலு பாரும் சிவப்புதான், அது அவர் பாடின மெட்டின் மிச்சம்.

பூவராகன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இது தப்பு ஆக்னஸ். மெட்டு என்னுதுதான். ஆனா இந்த நிறுத்தம் என்னுது இல்லை. நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. சத்தியமா எனக்கு அது தோணலை."

"பேட்டியில தோணிச்சுன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

ஆக்னஸ் அந்தப் பக்கத்தின் மடங்கிய ஓரத்தை நிமிர்த்திவிட்டாள்.

"தாஸு அதைப் பார்த்திருக்கானா? டிவியில?"

"பார்த்தாரு. நானும் பக்கத்துல இருந்தேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சாரு. சாப்பாடு எடுத்து வைம்மான்னாரு."

பூவராகன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிறிஸ்துதாஸ் அப்படித்தான். கோபப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்ததில்லை. இந்த ஆறு எண்ணிக்கையைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சிவப்பில் எழுதி, அண்ணே என்று கூப்பிட்ட இவருக்கே கொடுத்துவிட்டானே என்று நினைத்தார்.

"எனக்கு விட்டுக் கொடுத்திருக்கான்மா. பெரிய மனசு அவனுக்கு."

"அப்பா சிவப்புல பொய் எழுத மாட்டாரு."

"பின்னே இது எப்படி என்னுதாகும்?"

"இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கு. ரெக்கார்டிங் முடியட்டும்."

---

வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் காலை ஒன்பது மணிக்கு நாற்பத்திரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பூவராகன் வழக்கம் போலக் கண்ணாடி அறைக்குள் போகத் திரும்பினார்.

"அங்க இல்லை," என்றாள் ஆக்னஸ். செல்லோ பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

செல்லோ வாசிக்கிறவர் ஆரோக்கியம். முப்பத்தோரு வருஷம் முன்னால் இதே நாலு நிமிஷத்தை வாசித்தவர். அப்போது மீசை கறுப்பு. எழுந்து கும்பிட்டார்.

"உக்காருப்பா. நல்லா ஞாபகம் இருக்கா?"

"வாசிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லை சார். அந்த ஆறை எண்றதுதான் கஷ்டம். அன்னிக்கு ஏழு டேக் போனோமே."

"ஏழா?"

"ஆமா சார். யாராவது ஒருத்தர் முந்திடுவாங்க. தாஸ் சார் அந்த இடத்துல கையசைக்க மாட்டாரு. கையை மடக்கி நெஞ்சுல வச்சுக்குவாரு. ஆறு எண்ணிக்கையும் கண்ணாடி ரூமையே பார்த்துட்டு நிப்பாரு."

"என்னையா?"

"நீங்கதானே சார் உள்ள இருந்தீங்க. நீங்க கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவீங்க."

பூவராகனுக்கு அது ஞாபகம் இருந்தது. ஏழு தடவையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது நன்றாக ஞாபகம் இருந்தது. பிரமாதம் தாஸு, தொடரட்டும் என்று அர்த்தம். தாஸின் முகம் எப்படி இருந்தது என்பதுதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஆக்னஸ் கை உயர்த்தினாள். புல்லாங்குழல் ஆரம்பித்தது. அவருடைய எட்டு பார் முடிந்ததும் கிறிஸ்துதாஸின் வயலின்கள் வந்து சேர்ந்தன. இப்போது அவருக்கு எழுத்துத் தெரியும் அல்லவா, எது கறுப்பு என்று காதிலேயே தெரிந்தது. ஏறி, ஏறி, இதற்கு மேல் இடமில்லை என்கிற உயரத்துக்குப் போய் நின்றது.

சத்தம் அடங்கியது. ஆக்னஸ் கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு. பக்கத்தில் ஆரோக்கியத்தின் விரல் வில்லின் மேல் எண்ணியது. மூன்று, நான்கு. பூவராகனும் எண்ணினார். ஐந்து, ஆறு. செல்லோ மெதுவாக இறங்கி வந்தது.

ஒரே டேக்.

கடைசி ஸ்வரம் அடங்கியதும் பூவராகன் எழுந்து நின்றார். ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்ததைச் சொல்லிவிட்டார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். இந்த ஆறு எண்ணிக்கை மௌனம் இருக்கே, இது எனக்குத் தோணினதுன்னு முப்பத்தோரு வருஷமா சொல்லிட்டு வர்றேன். அது பொய். இது கிறிஸ்துதாஸ் யோசிச்சது. அவன் இருக்கும்போதே சொல்லியிருக்கணும். தைரியம் வரலை. மன்னிச்சிடுங்க."

 ஆரோக்கியம் வில்லால் நோட்டு வைக்கிற ஸ்டாண்டை லேசாகத் தட்டினார், வாத்தியக்காரர்களின் கைதட்டல் அது. வயலின்காரர்கள் எல்லாரும் தட்டினார்கள். பூவராகனுக்குக் கண் கலங்கியது. கூடவே நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. பொய் சொல்லுவானேன், அந்தத் தட்டல் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஆக்னஸ் மட்டும் தட்டவில்லை. ஸ்கோர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

---

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். ஹாலில் நாற்காலிகளும் ஸ்டாண்டுகளும் இவர்கள் இரண்டு பேரும்தான் இருந்தார்கள். ஆக்னஸ் பையிலிருந்து ஒரு பழைய டேப் ரிக்கார்டரை எடுத்துச் செல்லோ நாற்காலி மேல் வைத்தாள். பூவராகனுக்குப் பார்த்ததும் தெரிந்தது. மெட்டுப் போடும்போது பக்கத்தில் ஓடுமே, அதே பெட்டி.

"அப்பா அலமாரியில இருந்தது. அந்த மெட்டு போட்ட அன்னிக்கு ஓடின கேசட்டு. அப்பா எனக்குப் போட்டுக் காட்டினதில்லை. அவரு போனப்புறம்தான் கேட்டேன்."

பட்டனை அழுத்தினாள்.

இரைச்சல். மின்விசிறிச் சத்தம். ஆர்மோனியம். அதன் மேல் பூவராகனின் குரல், முப்பத்தெட்டு வயதுக் குரல், எவ்வளவு திடமாக இருந்தது! புல்லாங்குழலின் எட்டு பாரைப் பாடிக்கொண்டிருந்தது. ஆர்மோனியப் பெட்டி மேல் விரல் டொக் டொக் என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எட்டும் முடிந்த இடத்தில் ஒரு மூச்சு.

"அண்ணே," என்றது கிறிஸ்துதாஸின் குரல்.

பூவராகன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு தாஸு."

"இந்தப் படத்துலயாவது டைட்டில்ல என் பேர் வருமா அண்ணே?"

குரல் நின்றது. ஆர்மோனியம் நின்றது. விரல் மட்டும் பெட்டி மேல் தட்டிக்கொண்டே இருந்தது. டொக். டொக். டொக். டொக். டொக். டொக்.

பிறகு பூவராகனின் குரல் மெட்டின் மிச்சத்தைப் பாட ஆரம்பித்தது. செல்லோவின் நாலு பார்.

ஆக்னஸ் டேப்பை நிறுத்தினாள்.

"எத்தனை அங்கிள்?"

அவர் மடக்கிய விரல்களைப் பார்த்தார். 

"ஆறு."

இப்படி ஒன்று நடந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது. மறுத்த ஞாபகம் இருந்தால்கூடப் பரவாயில்லை. 'முடியாதுடா' என்று சொல்லியிருந்தால்கூட அது ஒரு பதில். கேட்டது காதில் விழுந்து, பதில் சொல்லாமல், தாளம் தப்பாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். தாஸ் அதற்குப் பிறகு பதினாலு வருஷம் கூடவே இருந்தான், ஒருநாளும் மறுபடி கேட்கவில்லை. இவரும் ஏன் கேட்கவில்லை என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

"முதல் நாளே இதைப் போட்டுக் காட்டியிருக்கலாமேம்மா."

"அன்னிக்கு உங்களுக்கு எண்ணத் தெரியாது."

மின்விசிறி ஒன்று எங்கேயோ கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. பூவராகன் ஸ்கோரின் பதினோராம் பக்கத்தை எடுத்தார். சிவப்புக் கட்டைகளை ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். நாற்பத்திரண்டு பேருக்கும் எழுதியிருக்கிறான். ஒருவரையும் விடவில்லை.

"கோபத்துல எழுதினானா ஆக்னஸ்? என்னைக் குத்திக் காட்டறதுக்கா?"

"கோபம்னா கறுப்புல எழுதியிருப்பாரு அங்கிள். நீங்க விட்ட இடம்னு நினைச்சுத்தான் சிவப்புல எழுதியிருக்காரு. உங்களோடதுல அவரு கை வைக்க மாட்டாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். டைட்டில் கார்டுக்காக எழுதி வைத்தது.  பிரித்து அவளிடம் நீட்டினார்.

"அவன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்மா. பெருசா. என் பேரு கீழதான். பாரேன். இது போதுமா?"

ஆக்னஸ் வாங்கிப் படித்தாள். கிறிஸ்துதாஸ் என்று தெளிவான, உருண்ட எழுத்து. மறுபடி நாலாக மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

"கேட்டது நான் இல்லையே அங்கிள்."

கேசட்டைப் பின்னால் ஓட்டினாள். நிறுத்தினாள். பட்டனை அழுத்தினாள்.

"இந்தப் படத்துலயாவது டைட்டில்ல என் பேர் வருமா அண்ணே?"

டொக். டொக். டொக்.

பூவராகன் முன்னால் குனிந்தார். டொக். டொக். அந்தப் பெட்டிக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனார். "தாஸு..." என்றார்.

டொக்.

அதற்குள் அவருடைய குரலே பாட ஆரம்பித்துவிட்டது.